கால் மணி நேரக் கடன்

2022 ஆகஸ்ட் 30, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வெயில் தணியாத பிற்பகல். வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் வழக்கம்போல் சுவரில் இருந்த வெப்பநிலைக் கருவியைத் தொட்டார்கள். எண் நகரவில்லை. மின்னெருக்கடி காரணமாகக் கருவி பூட்டப்பட்டிருக்கிறது என்னும் அறிவிப்புதான் திரையில் நின்றது. ஏறத்தாழ 22,000 வாடிக்கையாளர்களுக்கு அன்று இதே நிலை. மணிக்கணக்கில் பூட்டுத் திறக்கவில்லை. வீட்டுக்குள் 31 டிகிரி வரை ஏறிவிட்டது என்று சிலர் சமூக ஊடகங்களில் படம் பிடித்துப் போட்டார்கள்.

பூட்டியது எக்செல் எனர்ஜி என்னும் மின்நிறுவனம். அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தவர்களும் அந்த வீட்டார்தாம். நெருக்கடி நேரத்தில் தம் குளிரூட்டியை நிறுவனம் மட்டுப்படுத்தலாம் என்று ஒப்புக்கொண்டு, சேரும்போது 100 டாலரும் பிறகு ஆண்டுதோறும் 25 டாலரும் சலுகை பெற்றவர்கள் அவர்கள். அதுவரை ஆறு ஆண்டுகளாக, நிறுவனம் வெப்பநிலையை உயர்த்தினாலும் வேண்டாதவர்கள் மறுபடி தணித்துக்கொள்ள முடிந்தது. அன்று முதன்முறையாக அந்த வழி அடைபட்டது. பியூப்லோ நகரில் எதிர்பாராமல் நேர்ந்த தடங்கலும் கடும் வெயிலும் ஒருங்கே வந்துவிட்டன என்றது நிறுவனம். விருப்பத்தின் பேரில் சேர்ந்த திட்டம்தானே என்றும் நினைவூட்டியது.

நிறுவனம் சொன்னதில் பொய் இல்லை. சினந்தவர்களின் சினத்திலும் குற்றம் இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடத்துக்கு நம் நாடும் சில கோடைகளில் வந்து சேரும். வரும்முன் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன.

திட்டத்தின் நுட்பம் எளியது. குளிரூட்டியில் மின்சாரத்தை விழுங்குவது அறைக்குள் காற்றை வீசும் பெட்டியன்று. வெளியே சன்ஷேடின்மேல் அதிர்ந்துகொண்டிருக்கும் பெட்டிக்குள் உள்ள அமுக்கி. மெக்கானிக்கும் வீட்டாரும் அதைக் கம்ப்ரசர் என்பார்கள். அரைமணிக்கு ஒருமுறை அதைக் கால் மணி நேரம் நிறுத்தினால், உள்ளே விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கும். சுவரும் தரையும் மெத்தையும் பிடித்து வைத்திருந்த குளிர் மெல்லக் கரையும். அறை ஓரிரு டிகிரி ஏறுவதற்குள் வெளியே உறுமல் மறுபடி தொடங்கிவிடும். தூங்குகிறவர் பலருக்கு இது தெரியக்கூடச் செய்யாது. தெருவின் ஒரு பாதிக்கு முதல் கால் மணி, மறு பாதிக்கு அடுத்த கால் மணி என்று மாற்றி மாற்றிச் செய்தால், எந்த வீடும் இருளாமல் மொத்தச் சுமை இறங்குகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. நியூசிலாந்தில் 1950களிலிருந்தே வீட்டு வெந்நீர்த் தொட்டிகளை மின்கம்பி வழியே குறிப்பனுப்பி நிறுத்தி வருகிறார்கள். மினசோட்டா மாநிலத்தில் குளிரூட்டியின் வெளிப்பெட்டி அருகே வானொலிக் குறிப்பை வாங்கும் சிறு பெட்டி ஒன்றைப் பொருத்தி, கோடை மாதங்களின் கட்டணத்தில் தள்ளுபடி தரும் திட்டம் 1990 முதல் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இன்னும் நாகரிகமான முறை: குளிரூட்டி நிற்பதில்லை, அதன் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு விழுகிறது, அவ்வளவுதான். இன்று நம் கடைகளில் விற்பவற்றுள் பெரும்பாலானவை இன்வெர்ட்டர் வகை. ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் பழகிய அவற்றை வெடுக்கென்று நிறுத்துவதைவிட இப்படி மட்டுப்படுத்துவதே பொருத்தம்.

நம் கணக்குக்கு வருவோம். 2024 மே 2ஆம் நாள் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம். அதே மாதம் 30ஆம் நாள் இந்தியாவின் தேவை 250 ஆயிரம் மெகாவாட்டை எட்டியது. ஒன்றரை டன் குளிரூட்டி முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் இழுக்கும். மாநிலத்தில் ஒரே வேளையில் பத்து லட்சம் குளிரூட்டிகள் இப்படி ஓடுகின்றன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 1,500 மெகாவாட். அதில் பாதியைச் சுழற்சியில் நிறுத்தினால் 750. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய நான்கு அலகுகளும் சேர்ந்து தருவது 840 மெகாவாட். நடைமுறையில் எல்லா அமுக்கிகளும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக ஓடுவதில்லை. ஆகவே கிடைப்பது இந்தக் கணக்கைவிடக் குறையும். பாதியாகக் குறைந்தாலும் அது சிறு தொகையன்று.

உச்ச நேரத்துக்காக மட்டுமே ஒரு மின்நிலையம் கட்டினால், ஆண்டின் பெரும்பகுதி அது சும்மா கிடக்கும். அதற்கு வாங்கிய கடனின் வட்டி சும்மா கிடப்பதில்லை. கட்டாவிட்டால் சந்தையில் வாங்க வேண்டும். நெருக்கடி முற்றிய நேரங்களில் மின்சந்தை விலை, மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த உச்சவரம்பான யூனிட்டுக்கு 10 ரூபாயை முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த விலைக்கு வாங்கி, அதைவிடக் குறைந்த விலைக்கு வீடுகளுக்குக் கொடுத்து, மிஞ்சும் நட்டத்தைப் பல ஆண்டுகள் சுமந்து, ஒருநாள் கட்டண உயர்வாக எல்லார் தலையிலும் இறக்குகிறோம். குளிரூட்டியே இல்லாத வீட்டின் தலையிலும்.

பகலில் சூரிய ஒளி மின்சாரம் கைகொடுக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது கைவிடுகிறது. அந்த வேளையில்தான் படுக்கையறைகள் விழித்துக்கொள்கின்றன. மே மாதத்து இரவு பதினொன்றரை மணிக்கு எங்கள் தெருவில் நடந்ததைச் சொன்னால் பல தெருக்காரர்களுக்கு விளங்கும். முதலில் விளக்கு மங்கும். மின்விசிறி சோர்ந்து சுற்றும். பிறகு பில்லர் பாக்ஸிலிருந்து ஒரு வெடிச்சத்தம். ஒரு பக்கத்து வீடுகள் எல்லாம் இருட்டு. லுங்கியும் பனியனுமாக ஆண்கள், கைக்குழந்தையை விசிறியபடி பெண்கள், எல்லாரும் வாசலில். கைபேசி வெளிச்சத்தில் ஃபியூஸ் கட்டிக்கொண்டிருந்த ஊழியர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “மாடிக்கு மாடி ஏசி போட்டுட்டீங்க சார். டிரான்ஸ்பார்மர் மட்டும் அதே டிரான்ஸ்பார்மர்.” அரசு அறிக்கைகள் பல பக்கங்களில் சொல்ல முயல்வதை அவர் இரண்டு வரிகளில் முடித்துவிட்டார். மாநிலம் முழுவதிலும் போதிய மின்சாரம் இருந்தாலும் ஒரு தெருவின் மின்மாற்றி தாங்காது போகலாம். அந்த ஒரு தெருவின் குளிரூட்டிகளை மட்டும் கால் மணி நேரம் மட்டுப்படுத்த வழி இருந்திருந்தால், அன்றிரவு யாரும் வாசலில் நின்றிருக்கமாட்டார்கள்.

என் வீடு, என் பணம், என் குளிரூட்டி; அதன் விசையில் வேறொருவர் கை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஜூனில், 20 டிகிரிக்குக் கீழே குளிரூட்ட முடியாதபடி கருவிகளை அமைக்கப்போவதாக ஒன்றிய மின்துறை அமைச்சர் மனோகர் லால் கட்டர் அறிவித்தபோதும் இந்தக் குரல் எழுந்தது. தனிமனித உரிமையின் குரல் என்பதால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் தமிழ்நாட்டில் நின்றுகொண்டு அதைக் கேட்கும்போது நமக்கு வேறொரு விசையின் நினைவு வருகிறது.

இம்மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட உழவு மின்மோட்டார்கள் இருக்கின்றன. அவற்றுக்கான மும்முனை மின்சாரம் பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என முறைவைத்தே நெடுங்காலம் வந்தது. எந்தக் கிராமத்துக்கு எந்த வேளை என்பதைத் துணை மின்நிலையம் தீர்மானித்தது. அந்த உழவரிடம் யாரும் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. 100 டாலர் வேண்டாம், 100 ரூபாயும் தரவில்லை. “த்ரீ பேஸ் வந்துடுச்சா?” என்று கேட்டுக்கொண்டு, டார்ச் விளக்கோடு நள்ளிரவில் வரப்பில் நடந்தவர் அவர். பாம்புக்கும் பள்ளத்துக்கும் அஞ்சி, மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானே ஓடவைக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கைக்காசு போட்டு வாங்கி மாட்டியவரும் அவரே. அவருக்கு மின்சாரம் இலவசம், ஆகவே நிபந்தனை இருக்கத்தான் செய்யும் என்று பதில் வரும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் 2016 முதல் நகரத்து வீட்டுக்கும் உண்டே. அந்த இலவசத்துக்காக எவர் வீட்டுப் படுக்கையறைக்கும் முறைவைத்ததாக நாம் கேள்விப்படவில்லை.

2012ஆம் ஆண்டை மறந்தவர் யாரும் இருக்க முடியாது. சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு; வெளி மாவட்டங்கள் பலவற்றில் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. கோவையிலும் திருப்பூரிலும் தொழிற்கூடங்கள் டீசலை எரித்து ஓடின, எரிக்க முடியாதவை மூடின. தேர்வுக்குப் படித்த பிள்ளைகள் மெழுகுவத்தியோடு உட்கார்ந்தார்கள். மின்வெட்டு என்பதும் உச்சத்தேவையைக் கட்டுப்படுத்தும் முறைதான். அதன் மிக முரட்டு வடிவம். இன்சுலின் வைத்த குளிர்பெட்டியும், மூச்சுக்கருவியும், மாணவனின் விளக்கும், பணக்கார வீட்டின் மூன்றாவது குளிரூட்டியும் அதன் கண்ணில் ஒன்றே. பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடர் அணைந்தால் எல்லாம் அணையும். அதனோடு ஒப்பிட்டால், விளக்கையும் விசிறியையும் விட்டுவைத்துக் குளிரூட்டியின் அமுக்கியை மட்டும் கால் மணி நேரம் கேட்பது எவ்வளவோ நேர்மையான ஏற்பாடு. நெருக்கடியின் சுமையைத் தாங்கும்படி அதை உண்டாக்கியவரையே முதலில் கேட்கிறது. ஆகவே இத்தகைய திட்டம் தமிழ்நாட்டுக்கு வரவேண்டும் என்பதே நம் கருத்து.

எந்த முறையில் வரவேண்டும் என்பதில்தான் கொலராடோ நமக்குப் பாடம். அன்று அந்த வீட்டார் கொடுத்தது ஒருவகைக் கடன். தம் குளிரில் ஒரு பகுதியைக் குறித்த நேரத்துக்கு மின்கட்டமைப்புக்குக் கடனாகக் கொடுத்தார்கள். கடனுக்குத் தவணை உண்டு, வட்டி உண்டு, முடை வந்தால் திரும்பக் கேட்கும் உரிமையும் உண்டு. வாங்கியவரே பெட்டியைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர்.

திரும்பக் கேட்கும் உரிமையே இதில் முதன்மையானது. நெருக்கடி நாளில் அந்த உரிமையைத் தந்தால் எல்லாரும் விலகிவிடுவார்களே, திட்டம் எதற்கு என்று பொறியாளர்கள் கேட்கக்கூடும். 2022 செப்டம்பர் 6ஆம் நாள் கலிஃபோர்னியாவில் நடந்ததை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அன்று அந்த மாநிலத்தின் மின்தேவை 52,061 மெகாவாட் என்னும் வரலாறு காணாத உச்சத்தை அடைந்தது. சுழற்சி மின்வெட்டுக்கு ஆணையிடும் தறுவாயில், மாலை 5.45 மணிக்கு மக்களின் கைபேசிகளுக்கு அரசிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி போனது: மின்சாரத்தைச் சிக்கனமாக்குங்கள் என்று. அரைமணிக்குள் சுமார் 2,000 மெகாவாட் இறங்கியது; வெட்டு தவிர்க்கப்பட்டது. யாருடைய கருவியையும் பூட்டாமல், கேட்டதனால் வந்த 2,000. நாள்தோறும் கேட்டால் இந்த மருந்து வேலை செய்யாது என்பதும் தெரிந்ததே. அதனால்தான் வழக்கமான நாள்களுக்குத் தானியங்கி ஏற்பாடும், மீறிய நாள்களுக்கு வெளிப்படையான வேண்டுகோளும் தேவைப்படுகின்றன. அந்த மீறிய நாளிலும், படுக்கையில் கிடக்கும் தந்தைக்காக ஒரு பொத்தானை அழுத்தி விலகிக்கொள்ள மகளுக்கு வழி இருக்க வேண்டும். விலகினால் அன்றைய சலுகை போகட்டும், தண்டம் கூடாது.

ஒப்புதல் என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். 2021 ஜூனில் டெக்சஸ் மாநிலத்தில், பரிசுக்குலுக்கலில் பெயர் கொடுப்பதாக எண்ணிச் சேர்ந்த பலர், வீடு ஏன் வியர்க்கிறது என்று தெரியாமல் விழித்தார்கள். கைபேசிச் செயலியில் நாற்பது பக்க நிபந்தனையின் அடியில் உள்ள கட்டத்தைத் தட்டுவது ஒப்புதல் ஆகாது. மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் மின்நிறுவனம் வைத்த முறை ஒப்பீட்டளவில் தெளிவானது: பாதி நேரம் நிறுத்தினால் கோடைக்கு 50 டாலர், முக்கால் நேரத்துக்கு 75, முழுநேரத்துக்கு 100. எந்த அளவு என்பதை வீட்டாரே தேர்ந்தார்கள். அப்படியும் 2011 ஜூலை 22இல், வெயில் 41 டிகிரியைத் தொட்ட நாளில், நூற்றைத் தேர்ந்தவர்கள் மணிக்கணக்கில் வெந்தார்கள்; ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையீடு எழுந்தது. “முழுநேரம்” என்ற சொல்லுக்கு அப்படி ஒரு நாள் பொருள் வரும் என்று அவர்களில் பலர் நினைத்திருக்கவில்லை. எனவே நம் ஒப்பந்தம் தமிழில், ஒரே பக்கத்தில், ஒரு நாளுக்கு அதிகபட்சம் எத்தனை நிமிடம், ஒரு கோடைக்கு எத்தனை நாள், அறை எத்தனை டிகிரியைத் தாண்டினால் தானாக விடுபடும் என்பதை எண்ணால் சொல்ல வேண்டும். மொட்டைமாடிக்குக் கீழே வெயில் இறங்கும் ஒற்றை அறைவீட்டுக்கும், நிழலில் இருக்கும் அடுக்ககத்துக்கும் ஒரே கால் மணி ஒரே துன்பத்தைத் தராது என்பதையும் அந்த எண்கள் அறிந்திருக்க வேண்டும்.

வட்டியைப் பற்றி ஒன்று. பயன்படுத்தாமல் விட்ட ஒரு யூனிட், உற்பத்தி செய்த ஒரு யூனிட்டுக்கு ஈடு என்பதை அமெரிக்காவின் ஒன்றிய எரிசக்தி ஆணையம் 2011இல் விதியாக்கியது. மொத்தச் சந்தையில் இரண்டுக்கும் ஒரே விலை என்றது. மின்உற்பத்தியாளர்கள் வழக்காடினார்கள். 2016 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விதியை உறுதிசெய்தது. சந்தையில் 10 ரூபாய்க்கு வாங்குவதைத் தவிர்க்க உதவிய வீட்டுக்கு நன்றிக்கடிதமும் துணிப்பையும் அனுப்பி முடித்துக்கொள்ள நம் மின்பகிர்மானக் கழகம் நினைக்கக்கூடாது. மிச்சத்தில் பங்கு வேண்டும். அந்தப் பங்கு மின்கட்டண அட்டையில் வரியாகத் தெரிய வேண்டும். மிச்சத்தின் இன்னொரு பங்கு, இத்தனை காலம் கேளாமலே விட்டுக்கொடுத்த உழவரின் ஃபீடர்களுக்கு, பகல்நேர மும்முனையாகப் போய்ச் சேர வேண்டும்.

அறிவுமீட்டர், அதாவது ஸ்மார்ட் மீட்டர், குறித்து ஓர் எச்சரிக்கை. 2023இல் ஒன்றிய அரசு திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள் நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணத்துக்கும் இந்த மீட்டர்களுக்கும் வழி திறந்திருக்கின்றன. அறிவுமீட்டருக்குக் குளிரூட்டி எது, குளிர்பெட்டி எது என்று தெரியாது. தொலைவிலிருந்து அது செய்யக்கூடியது வீட்டு இணைப்பு முழுவதையும் துண்டிப்பது; அல்லது இவ்வளவு கிலோவாட்டுக்குமேல் இழுத்தால் அணைந்துவிடச் செய்வது. குளிரூட்டியை மட்டுப்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்தப் பொத்தானை அழுத்தினால், 2012இன் மின்வெட்டு வீடுவீடாகப் பெயர் எழுதிக்கொண்டு திரும்பி வந்துவிடும். மேலும், வீட்டார் எப்போது உறங்குகிறார்கள், எப்போது வெளியூர் போகிறார்கள் என்பதைச் சொல்லும் தரவு அதில் இருக்கிறது. அது வாரியத்தின் சேவையகத்தைத் தாண்டி எந்த வணிகருக்கும் போகக்கூடாது.

பொறியாளர்கள் அறிந்த சிக்கல் இன்னொன்றும் உண்டு. நிறுத்திய அமுக்கிகளையெல்லாம் ஒரே நொடியில் விடுவித்தால், இழந்த குளிரை மீட்க எல்லாம் ஒன்றாகப் பாயும். தவிர்த்த உச்சம் அரைமணி தள்ளி, இன்னும் உயரமாக எழும். கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்க வேண்டும். சில நாடுகளில், நெருக்கடிக்குச் சற்றுமுன் அறையைக் கூடுதலாகக் குளிரவைத்து விடுகிறார்கள். மெல்லிய சுவரும் வெயில் காயும் கான்கிரீட் கூரையும் கொண்ட நம் புதிய வீடுகளில் அந்த முன்குளிர் எவ்வளவு நேரம் தங்கும் என்பதை ஏட்டில் கணக்கிட்டுச் சொல்லிவிட முடியாது. ஒரு கோடை முழுதும் அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அந்த அளவீட்டை எங்கே தொடங்குவது என்பதில் நமக்குக் குழப்பமில்லை. கோட்டையில் நாமக்கல் கவிஞர் மாளிகை இருக்கிறது. சேப்பாக்கத்தில் எழிலகம் இருக்கிறது. மாவட்டந்தோறும் ஆட்சியர் அலுவலகம், மின்வாரியத்துக்கே சொந்தமான அலுவலகங்கள், அமைச்சர்களின் இல்லங்கள். வரும் ஏப்ரலில் இவற்றின் குளிரூட்டிகள் முதலில் இந்தச் சுழற்சிக்குள் வரட்டும். எந்த நாள் எத்தனை மணிக்கு எத்தனை நிமிடம் நிறுத்தினார்கள், அறை எவ்வளவு ஏறியது, எத்தனை மெகாவாட் இறங்கியது, சந்தையில் வாங்காமல் மிஞ்சிய தொகை என்ன, எத்தனை அதிகாரிகள் விலகுபொத்தானை அழுத்தினார்கள் என்று வாராவாரம் வெளியிடட்டும். ஒரு கோடையின் அந்தக் கணக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வாரியத்தார் வீட்டுக் கதவைத் தட்டினால், திறந்து பேச ஆள் இருக்கும்.